நட்சத்திரத்தைக் கழற்றச் சொன்ன மாமா மகன்

சென்ற டிசம்பரில், மதுரை பசுமலையில் எங்கள் வீட்டு வாசலில் மூங்கில் கழியை நட்டு நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அண்மையில் வேறொரு சபைக்குப் போகத் தொடங்கியிருக்கும் என் மாமா மகன் வந்து நின்றான். "அத்தை, டிசம்பர் 25 ரோமாக்காரனோட சூரிய சாமி பொறந்த நாளு. இதக் கொண்டாடுறது விக்கிரக ஆராதனை" என்று கைப்பேசியில் வந்திருந்ததை அம்மாவிடம் வாசித்துக் காட்டினான். எண்ணெயில் அச்சுமுறுக்கு அச்சைத் தட்டிக்கொண்டிருந்த அம்மா, "சூடா இருக்கு, மொதல்ல சாப்பிடுப்பா" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

அவன் வாசித்தது முழுப் பொய்யன்று. கி.பி. 274இல் பேரரசர் அவுரேலியன் ‘வெல்லப்படாத சூரியன்’ என்ற தெய்வத்துக்கு ரோமில் கோவில் எழுப்பினார். 354இல் தொகுக்கப்பட்ட ரோமானிய நாட்காட்டி ஒன்றில் டிசம்பர் 25க்கு நேரே ‘வெல்லப்படாதவரின் பிறப்பு’ என்ற குறிப்பும் உள்ளது. ஆனால் அதே தொகுப்பில், 336ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் இன்னொரு பட்டியல், அதே நாளில் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்கிறது. இரண்டு செய்திகளும் ஒரே தொகுப்பில் கிடைக்கும்போது, யாரைப் பார்த்து யார் நாள் குறித்தார்கள் என்று அடித்துச் சொல்ல இயலாது. இயேசு மரித்த நாளும் கருவில் உருவான நாளும் மார்ச் 25 என்று கொண்டு, அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணியே இந்த நாளுக்கு வந்தார்கள் என்று கருதும் ஆய்வாளர்களும் உள்ளனர். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறது. வேதாகமமோ எந்த நாளையும் சொல்லவில்லை.

அந்த நாள் சூரியனிடமிருந்தே வந்தது என்று வைத்துக்கொண்டாலும் எனக்குக் கலக்கமில்லை. மாமா மகன் வாரந்தோறும் ஆராதனைக்குப் போவது ஞாயிற்றுக்கிழமையில். ஞாயிறு என்பது சூரியனேதான். உபவாச ஜெபம் வெள்ளிக்கிழமை. அது சுக்கிரனுக்கு உரிய நாள். அவன் திருமணத்தில் போதகர் ஐயர் ஜெபித்து எடுத்துக் கொடுத்த தாலியில் சிலுவை இருந்தது என்பது உண்மைதான், ஆனால் தாலி கட்டும் வழக்கம் எருசலேமிலிருந்து வந்ததன்று.

மதுரைக்கு இந்தச் சண்டை புதிதுமல்ல. 1606இல் இங்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்திச் சந்தனம் பூசி, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமணர்கள் குடுமியையும் பூணூலையும் வைத்துக்கொள்ளலாம் என்றபோது, அதை அஞ்ஞானம், அதாவது புறச்சமய வழிபாடு, என்று குற்றம் சாட்டியவர் அதே ஊரில் இருந்த அவருடைய சபைத் துறவியே. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, அவற்றைப் பழைய சமயச் சடங்கிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார். (பூணூலோடு சாதியும் தேவாலயத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதே, அதைப் பற்றி அல்லவா நாம் அதிகம் கவலைப்பட்டிருக்க வேண்டும்!)

எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் பெற்ற அமெரிக்க மிஷன் 1834இல் மதுரைக்கு வந்தது. அதை அனுப்பிய, அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து சபைகளின் முன்னோர்களான பியூரிட்டன்கள் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள், மாமா மகனைவிடக் கண்டிப்பானவர்கள். அங்குள்ள மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அங்கே அது அரசு விடுமுறையானதே 1856இல்தான். அவர்களும் மனமாரக் கர்த்தரைத் தேடியவர்களே என்பதால் அவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை.

அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் சொல்வது இதைத்தான்: ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயம் கொள்ளட்டும். ஆகவே மனச்சாட்சி உறுத்தினால் மாமா மகன் நட்சத்திரம் கட்ட வேண்டாம். ஏன் கட்டவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் மார்கழி விடியலில், எதிர்வீட்டு வாசலில் சாண உருண்டையில் பூசணிப்பூ பூத்திருக்க, எங்கள் வாசலில் அரிசிமாவால் எட்டு முனை நட்சத்திரக் கோலம் போட்டு நடுவில் ‘இயேசு பிறந்தார்’ என்று எழுதும் என் அம்மா, அந்த நேரத்தில் எந்த ரோமானியத் தெய்வத்தை வணங்குகிறார் என்பதை அவன்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்று அவன் முறுக்கைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். பிள்ளைகளுக்கென்று ஒரு டப்பாவும் வாங்கிக்கொண்டான்.