ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) வயிற்றுவலிக்குத் தவிட்டுச் சப்பாத்தி மருந்தல்ல

செம்பூர் அண்ணா, "ஐபிஎஸ் வலிக்கு மூணு வேளையும் தவிட்டுச் சப்பாத்தி போதும், டாக்டர் வேண்டாம்"னு எழுதியிருக்கீங்க. தயவுசெய்து இதைத் திருத்துங்க.

எல்லா நார்ச்சத்தும் ஒண்ணில்லை. கோதுமைத் தவிடு பெரும்பாலும் கரையாத நார். பலருக்கு வலியைக் கூட்டிடும். கோதுமையில இருக்குற ஃபிரக்டான்ங்கற கார்போஹைட்ரேட் பெருங்குடல்ல நொதிச்சு வாயுவாகும். ஐபிஎஸ் உள்ளவங்களுக்குக் குடல் நரம்புகள் கூர்மையா உணரும். மத்தவங்களுக்குத் தெரியாத உப்புசம் இவங்களைச் சுருண்டு படுக்க வைக்கும். குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்குற ஸ்கோப்ல ஒண்ணும் இல்லைங்கறதால அந்த வலி பொய்யாகிடாது.

உதவுறது கரையும் நார், அதாவது நம்ம மும்பை மெடிக்கல் கடைகள்ல கிடைக்கிற இசப்கோல். அரை ஸ்பூன்ல ஆரம்பிச்சு, டம்ளர் நிறையத் தண்ணியில கலந்து உடனே குடிக்கணும். அளவை மெதுவா கூட்டணும். ஃபிரக்டான் உள்ள வெங்காயம், பூண்டையும் சில வாரம் குறைச்சுப் பார்க்கலாம். பூண்டு வாசனை வேணும்னா முழுப்பல்லை எண்ணெயில வதக்கி எடுத்துட்டு, அந்த எண்ணெயில தாளிங்க. ஃபிரக்டான் எண்ணெயில கரையாது.

மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, ரத்தசோகை, தூக்கத்துல எழுப்புற வலி, 50 வயசுக்கு மேல புதுசா வர்ற தொந்தரவு, இதுல எது இருந்தாலும் ஐபிஎஸ்னு நாமளே முடிவு கட்டக்கூடாது. சயான் ஆஸ்பத்திரி ஓபிடியிலயாவது உடனே காட்டணும்.