சங்கக்கடை மனேஜரும் எலிப் பிரபுவும்

(திருகோணமலை, உவர்மலையில் ஒரு வீடு. மருமகன் கணினியில் மூழ்கியிருக்கிறான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வு பெற்ற மாமா, தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வந்து நிற்கிறார்.)

மாமா: இதென்ன, எங்கள் பிரெட்ரிக் கோட்டையா?

மருமகன்: இல்லை மாமா, ஸ்ட்ரோங்ஹோல்ட். 2001இல் வந்த கேம். கோட்டை கட்டி, சனத்துக்குச் சாப்பாடு போட்டு, எதிரியை அடிக்க வேண்டும்.

மாமா: மதில் பாதியில் நிற்கிறதே?

மருமகன்: கல் குவாரியில் கிடக்கிறது. மாடு சுமந்து வந்தால்தான் எழும்பும்.

மாமா: போர்த்துக்கேயன் என்ன, மாட்டுக்கா காத்திருந்தான்? 1622இல் கோணேசர் கோயிலை இடித்தான், 1624இல் அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டிவிட்டான். அது சரி, வில்லோடு போகிறவன் யார்?

மருமகன்: வேட்டைக்காரன். மான் இறைச்சி கொண்டுவருவான்.

மாமா: மானா! எங்கள் கோட்டை மானைத் தொட்டால் ஊரே கூடிவிடும். நிறுத்து அவனை!

மருமகன்: பிறகு அப்பிளும் பாணும்தான் மிஞ்சும். சாப்பாட்டு வகை குறைந்தால் சனத்துக்கு நம்மைப் பிடிக்காது. செல்வாக்கு 50க்குக் கீழே இறங்கினால் ஊரை விட்டே போய்விடுவார்கள்.

மாமா: பங்கீடு எவ்வளவு கொடுக்கிறாய்?

மருமகன்: அரைப் பங்கு.

மாமா: அரையா? கூப்பன் காலத்திலேயே எங்கள் கடை இவ்வளவு மோசமில்லை. எழும்பு! இரட்டைப் பங்கு கொடு. வரியை நிறுத்து.

மருமகன்: சனத்துக்கு லஞ்சம் கொடுக்கவும் வழி இருக்கிறது மாமா.

மாமா: அதைத் தேர்தலுக்கு வைத்துக்கொள்வோம்.

மருமகன்: சனம் குடிக்கத் தவறணை?

மாமா: பெர்மிட் இருக்கிறதா?

மருமகன்: இதில் கேட்க மாட்டார்கள்.

மாமா: அப்படியென்றால் இரண்டு திற. மாமியிடம் சொல்லாதே.

மருமகன்: செல்வாக்கு 100! ஆனால் படையில் ஒரு ஆள்கூட இல்லையே?

மாமா: ஆயுதத்துக்குக் கேள்விப்பத்திரம் கோர வேண்டும். அவசரப்படக் கூடாது.

மருமகன்: ஐயோ மாமா, எலி வருகிறது!

மாமா: எங்கே? தும்புத்தடியை எடு!

மருமகன்: எதிரிப் பிரபுவின் பட்டப்பெயர் மாமா அது. நாலு வில்லன்களில் ஆக நோஞ்சான் இவன்தான்.

(திரையில் அலறல்.)

மருமகன்: எங்கள் பிரபு செத்துவிட்டார். ஆட்டம் முடிந்தது.

மாமா: களஞ்சியத்தில் இருப்பு எவ்வளவு?

மருமகன்: பாணும் அப்பிளும் குவிந்து கிடந்தன. எல்லாம் போச்சு.

மாமா: 'எலியால் சேதம்' என்று எழுதிக் கணக்கை மூடு. எந்தக் கணக்காய்வாளரும் அதற்கு மேல் கேட்டதில்லை.