சும்மாதானே இருக்கே!

சமையல் வீடியோ போட்டுச் சம்பாதிப்பது சொகுசு வேலை என்று எவன் கிளப்பிவிட்டானோ! கடுகு வெடிக்கும் அந்த இரண்டு விநாடி ஃபோகஸ் ஆகவில்லையா, மறுபடி எண்ணெய், மறுபடி கடுகு, மறுபடி கறிவேப்பிலை. குரல் பதிவு செய்ய உட்கார்ந்தால் சரியாக அப்போதுதான் பக்கத்து வீட்டு மிக்ஸி அலறும்.

யூடியூபில் நீள வீடியோ போடுகிறவருக்கு விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோக்களை அதன் ஃபீடில் பார்ப்பது அந்த மணிக்கணக்கில் சேராது. சரி, அதைத் தாண்டியாச்சு, அப்புறமாவது நிம்மதியா? ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பார்வை சரிந்துவிடுகிறது. வீட்டுக்காரருக்கு வாடகை தேதிதான் தெரியும், என் காய்ச்சல் தெரியாது.

இதில் சித்தப்பா வேறு, “வீட்ல சும்மாதானே இருக்கே, பத்திரிகை வைக்க வாயேன்” என்கிறார். போனால், “அந்தக் கேமராவைக் கொஞ்சம் உள்ளே வை” என்பதும் அவர்தான்.