ஃபோன்தெவ்ரோ: குவிமாடங்கள் எப்போது போயின?

பிரான்சில் உள்ள ஃபோன்தெவ்ரோ என்ற பழைய கிறிஸ்தவ மடத்தின் குவிமாடங்களைப் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் இடித்ததாக ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. 1804இல் நெப்போலியன் மடத்தைச் சிறையாக்க ஆணையிட்ட பிறகே, மடத்துத் தேவாலயத்தின் நடுக்கூடத்துக்குள் மாடித் தளங்கள் போட இடைஞ்சலென்று அவற்றை எடுத்தார்கள். இன்று தெரிபவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் கட்டியவை.

சமையற்கூடத்தின் கூரையில் உள்ள புகைபோக்கிகளும் அப்படித்தான், 1900களின் சீரமைப்பில் வந்தவை. படம் எடுப்பவர்கள் பலரும் அவற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டு வேலை என்றே நினைக்கிறார்கள், பாவம்!

சிறை 1963இல் மூடப்பட்டாலும், சிறு எண்ணிக்கையில் கைதிகள் 1985 வரை அங்கே இருந்தார்கள்.

இன்னொன்று: கட்டடம் துஃபோ என்ற மென்மையான சுண்ணாம்புக்கல். ஈரத்தை உறிஞ்சும். கற்களுக்கு இடையிலான இடைவெளியில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லே செதில்செதிலாக உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும்.