முதலில் பெயர் வரிசை, அப்புறம் கல்

நினைவிடம் கட்டுவோம் என்று அறிவித்ததும் தூண் எவ்வளவு உயரம், என்ன கல் என்றுதான் பேச்சு ஓடும். இறந்தவர்களின் பெயர்களை எந்த வரிசையில் வெட்டுவது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். முதல் கூட்டத்திலேயே முடிவாக வேண்டியது அதுதான் என்பேன்.

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர்ச் சுவரைப் பாருங்கள். 1981 போட்டிக்கு வந்த 1,421 வடிவங்களில் ஜெயித்தவர் மாயா லின், 21 வயது மாணவி. இறந்த தேதி வரிசையில் பெயர்கள் வர வேண்டும் என்றார். அகரவரிசைதான் தேட வசதி என்று எதிர்ப்பு கிளம்பியது. பட்டியலைப் பிரித்தால் ஸ்மித்கள் மட்டும் 600க்கு மேல், ஜேம்ஸ் ஜோன்ஸ் 16 பேர்! டெலிபோன் டைரக்டரியைக் கல்லில் வெட்டிய மாதிரி ஆகியிருக்கும். தேதி வரிசை வந்ததால் ஒரே சண்டையில் விழுந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். 1959இல் தொடங்கும் வரிசை, V வடிவச் சுவரின் நடு மூலையில் ஆரம்பித்து, சுற்றி வந்து, 1975இல் அதே மூலையில் முடிகிறது. தேடுபவர்களுக்கு அருகிலேயே அகரவரிசைப் புத்தகம். அதில் பெயர் இருக்கும் கல் பலகையின் எண்ணும் வரி எண்ணும் இருக்கும். வரியை எண்ண, சுவரில் பத்து வரிக்கு ஒரு புள்ளி.

பெயருக்குப் பக்கத்தில் சாய்சதுரம் இருந்தால் இறப்பு உறுதி, சிலுவை இருந்தால் காணாமல் போனவர். உடல் கிடைத்தால் சிலுவை மேலேயே சாய்சதுரத்தை வெட்டிவிடலாம். அவ்வளவு யோசித்தும், உயிரோடு திரும்பிய சிலரின் பெயர்கள் எழுத்தர் பிழையால் சுவரில் ஏறிவிட்டன. கல்லில் ஏறியதை அழிக்க வழியில்லை.

நியூயார்க் இரட்டைக் கோபுர நினைவிடத்தில் சிக்கல் இன்னும் பெரிது. 2,983 பெயர்கள், அதே இடத்தில் 1993 குண்டுவெடிப்பில் இறந்த ஆறு பேரும் அதில் அடக்கம். அதை வடிவமைத்த மைக்கேல் அராட் முதலில் வரிசையே இல்லாமல் தூவிவிடச் சொன்னார். குடும்பங்கள் கொதித்தன. கடைசியில் ஒன்பது பிரிவுகள் என்று முடிவானது: எந்தக் கோபுரம், எந்த விமானம், மீட்புப் படை என்று. பிரிவுக்குள் யாருக்குப் பக்கத்தில் யார் என்று குடும்பங்களையே கேட்டார்கள். வந்தவை சுமார் 1,200 கோரிக்கைகள்.

கஷ்டமே இங்குதான். இவர் அவருக்குப் பக்கத்தில், அவர் இன்னொருவருக்குப் பக்கத்தில் என்று ஒன்றை இழுத்தால் பத்து நகரும். பெயர்களின் நீளமும் ஒன்று போல இல்லை. கணினி நிரல் கொத்துக்கொத்தாகச் சேர்த்துக் கொடுத்தது. மிச்சத்தை ஆட்கள் உட்கார்ந்து கையால் நகர்த்தினார்கள். பதவியும் வயதும் பெயரோடு கிடையாது. தீயணைப்பு வீரர்கள் அவரவர் அணி வாரியாக.

இங்கே கல் இல்லை, வெண்கலப் பலகைகள்; அவற்றில் எழுத்துகளைத் துளைத்தே வெட்டியிருக்கிறார்கள். இரவில் உள்ளிருந்து வெளிச்சம் வரும். விரல் உள்ளே போகும். பிறந்தநாளன்று அந்த வெட்டில் ஒரு வெள்ளை ரோஜாவின் காம்பைச் செருகி வைக்கிறார்கள்.

கர்ப்பிணிகளாக இறந்தவர்களின் பெயரை அடுத்து, வயிற்றிலிருந்த குழந்தையையும் குறித்திருக்கிறார்கள். பலகை அளவு போடும்போது அந்தச் சொற்களின் நீளமும் கணக்கில் ஏற வேண்டும்.