பாலிங்கிலிருந்து ஓடியது யார்?

வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டிலிருந்து ஆயுதப் போர் நடத்திய மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கைப் பற்றிய அந்த விருந்து மேடைக் காணொளியைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். "சின் பெங், பேச வந்துட்டு காட்டுக்குள்ள ஓடினவன்தானே" என்று மைக்கில் ஒருவர் சொல்ல, ஒரே கைதட்டல். நான் மறுத்ததும் "அண்ணே, நீங்க கம்யூனிஸ்டா?" என்று சிரிப்பு வேறு.

இல்லை. எனக்கு அவர் தலைவரும் இல்லை, சாமியும் இல்லை. ஆனால் பாலிங்கிலிருந்து அவர் ஓடவில்லை.

1955 டிசம்பர் 28, 29. கெடா மாநிலத்துப் பாலிங்கில் ஒரு பள்ளிக்கூடம், சண்டையை நிறுத்தப் பேச்சு. இந்தப் பக்கம் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயாச் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லோக். எதிரே 31 வயது சின் பெங், கூடவே ரஷீட் மைடின், சென் தியென். கட்சியை அங்கீகரியுங்கள் என்றார் அவர். முடியாது, கலைத்துவிட்டுச் சரணடையுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்றார் துங்கு. இதில் யார் ஓடினார்கள்? உள்நாட்டுப் பாதுகாப்பும் ராணுவமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கைக்கு வரட்டும், ஆயுதத்தைக் கீழே வைக்கிறோம் என்றுகூடச் சொன்னார். அப்போது அது வெள்ளைக்காரன் கையில். அடுத்த மாதம் சுதந்திரம் பேச லண்டனுக்குப் போன துங்குவுக்கு அந்தப் பேச்சு நல்ல துருப்புச்சீட்டு. அதைக் கைதட்டியவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"அவர்கள் செய்த கொலைகள்?" என்பீர்கள். செய்தார்கள், தோட்டத் தொழிலாளிகளையும் கொன்றார்கள். சரி, 1948இல் பத்தாங் காலி தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டது யார்? பிரிட்டிஷ் ராணுவம். தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டது யார்? அதே வெள்ளைக்கார அரசு. அதற்கு எந்த மேடையிலும் மைக் கிடைப்பதில்லை.

என் பாட்டி அந்தக் காலத்தில் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர். விடியற்காலை கேட்டில் நிறுத்தி, தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்களாம். காட்டுக்காரனுக்கு, அதாவது கம்யூனிஸ்ட்டுக்கு, சோறு போகக்கூடாதே! ஒருநாள் முந்தானையில் முடிந்திருந்த ஒரு கைப்பிடி வறுத்த கடலையைக்கூட அவிழ்த்துக் கொட்டச் சொன்னார்களாம். சண்டை தொடர்ந்தால் வயிறு காய்வது யாருக்கு என்று அவருக்குத் தெரியும். ஓடினானா ஓடலையா என்று பட்டிமன்றம் நடத்த அவருக்கு நேரமில்லை.

1989இல் தாய்லாந்தின் ஹாட்யாயில் அதே மனிதரோடுதான் மலேசிய அரசாங்கம் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அப்புறம் சித்தியவானில் பிறந்தவர் ஊர் திரும்பக் கேட்டபோது, பிறப்புச் சான்றிதழைக் காட்டு என்றது நீதிமன்றம். 1948இலேயே போலீஸ் எடுத்துப் போய்விட்டது என்றார். எடுபடவில்லை. 2013இல் பேங்காக்கில் இறந்தார்.

பிறப்புச் சான்றிதழ் என்றதும் எனக்கு அவர் ஞாபகமே வருவதில்லை. இந்த மண்ணிலேயே பிறந்து, குடியுரிமைக்கு நான்கு முறை மனு போட்டு, ஒவ்வொரு முறையும் அதே தாளைக் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட பாட்டிதான் வருகிறார். அவர் எந்தக் காட்டுக்கும் போனதில்லை. சாகும்போதும் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை.