எங்கே, ஒரு பாட்டு பாடு பார்க்கலாம்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் அப்பா ஓரளவு பேர் தெரிந்த பாடகர். பரிமாறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கூட்டு வைத்துவிட்டுக் குனிந்து, "பாட்டுக்காரர் பொண்ணாச்சே, எங்கே, ஒரு பாட்டு பாடு பார்க்கலாம்" என்றார். குழந்தை அம்மாவைப் பார்த்தது. அம்மா சிரித்துக்கொண்டே "பாடேன்டி" என்றாள். அது தலையைக் குனிந்துகொண்டு இலையிலிருந்த அப்பளத்தைத் துண்டு துண்டாக நொறுக்கியது. "என்ன இது, அப்பா மாதிரி இல்லையே" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. அதே வார்த்தைகளை நான் என் ஆறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்.

எங்கள் அப்பா நாயனக்காரர், அதாவது நாதஸ்வரம் வாசிப்பவர். இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் நாற்பது வருடத்துக்கு முன்னால் கும்பகோணம், மாயவரம், மன்னார்குடிப் பக்கம் கோயில் திருவிழா என்றால் அவர் செட்டைப் பேசி முடித்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார்கள். சுவாமி புறப்பாட்டில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்கும் தோடி ராகம், சுவாமி நாலு வீதியும் சுற்றி வரும் வரைக்கும் ஓடும் என்று ஊரில் சொல்வார்கள். நான் அதை முழுதாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தூங்கிவிடுவேன்.

முகூர்த்த மாதம் என்றால் அப்பா வீட்டில் இருக்கமாட்டார். தை, வைகாசி, ஆவணி மூன்றும் அப்படியே போய்விடும். பங்குனியில் திருவிழாக்கள். விடியற்காலை ஒரு வேனில் வந்து இறங்குவார். சந்தனமும் வெற்றிலையும் வியர்வையும் கலந்த வாசனை. தேங்காய், பழம், கசங்கிய சால்வை எல்லாம் ஒரு பையில் இருக்கும். அடுத்த நாள் மறுபடி வேன். புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அப்போதுதான் அப்பா எங்களோடு இருப்பார். ஆனால் வருமானம் நின்றுபோகிற மாதங்களும் அவைதான். அம்மா அரிசியை அளந்து அளந்து போடுவாள். அப்பா இருந்தால் காசு இருக்காது, காசு வந்தால் அப்பா இருக்கமாட்டார் என்பதை நானும் என் தம்பியும் ரொம்பச் சீக்கிரமே கணக்குப் போட்டு வைத்திருந்தோம்.

வீட்டிலிருக்கும் நாளிலும் காலையில் சாதகம் நடக்கும்போது நாங்கள் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். நாயனத்திலிருந்து ஒரு நூலில், ஊதும் முனையில் செருகுகிற சீவாளிகள் கொத்தாகத் தொங்கும், பார்க்க ஜிமிக்கி மாதிரி அழகாக இருக்கும். கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது, நகம் பட்டால் போயிற்று. ஒரு தடவை தம்பி அதில் ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதப் பார்த்து உடைத்துவிட்டான். அப்பா அடிக்கவில்லை. அன்று முழுக்கப் பேசவேயில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தம்பி இன்றைக்கும் சொல்கிறான். அவன் பிற்பாடு நாயனமும் கற்றுக்கொள்ளவில்லை, தவிலும் கற்றுக்கொள்ளவில்லை. வங்கி வேலைக்குப் போய்விட்டான். எனக்கு யாரும் கற்றுத்தரவும் இல்லை. மதுரை பொன்னுத்தாய் மாதிரி மேடையேறி வாசித்த பெண்கள் இருந்தார்கள்தான். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. ஆனால் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தால் மட்டும், "நாயனக்காரர் பொண்ணு பாடும்" என்று என் பெயரை எழுதிவிடுவார்கள். எனக்குச் சுருதி நிற்காது. மேடையில் நின்று பாதியில் அழுதிருக்கிறேன். ஆறாம் வகுப்பில்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது அந்தக் கல்யாணம் மட்டும் இல்லை. ரொம்ப நாளாகவே பாடகி பவதாரிணியைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன்.

இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது 1976இல். பவதாரிணி பிறந்ததும் அதே வருடம். அதாவது தமிழ்நாட்டுக்கு ஒரு இசையமைப்பாளர் கிடைத்த வருடமும் அந்தக் குழந்தைக்கு ஒரு அப்பா கிடைத்த வருடமும் ஒன்றுதான். அதற்கப்புறம் அந்த மனிதர் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். எண்பதுகளில் வருடத்துக்கு முப்பது நாற்பது படம். காலை ஏழு மணிக்கெல்லாம் பிரசாத் ஸ்டுடியோவில் இருப்பார் என்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தன் கையாலேயே நோட்ஸ் எழுதுவார், வாசிக்க வைப்பார், அப்புறம் பின்னணி இசைக்கு உட்கார்வார். மொத்தம் ஆயிரம் படங்களுக்கு மேல். நான் என் இரண்டு பிள்ளைகளையும் அவர் பாட்டைப் பாடித்தான் தூங்க வைத்தேன், சுருதி இல்லாமலேயே. நாமெல்லாம் அப்படித்தான். நம் தூக்கம், நம் காதல், நம் பஸ் பயணம் எல்லாவற்றிலும் அவர் இருந்தார். ஒரு நாளுக்கு அவருக்கும் 24 மணி நேரம்தான். நமக்குக் கிடைத்த மணி நேரங்கள் எந்த வீட்டிலிருந்து வந்தன என்று நாம் கேட்டதே இல்லை.

2024 ஜனவரி 25 அன்று பவதாரிணி இலங்கையில் இறந்துபோனார். கல்லீரல் புற்றுநோய். வயது 47. அந்த வாரம் கொழும்பில் இளையராஜாவின் கச்சேரி நடக்க இருந்தது. தேனி மாவட்டத்தில் பாட்டி சின்னத்தாயும் அம்மா ஜீவாவும் இருக்கும் இடத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். அதற்கடுத்த வருடம் இளையராஜா வெளிப்படையாக ஒன்று சொன்னார். மகள் எவ்வளவு அன்பான குழந்தை என்பது அவள் போன பிறகுதான் தனக்குத் தெரிந்தது, கவனமெல்லாம் இசையிலேயே இருந்ததால் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், இப்போது அது வேதனையாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அதைக் கேட்டபோது சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எண்பது வயதைக் கடந்த ஒருவர், நாடே தலையில் தூக்கி வைத்திருக்கும் ஒருவர், இதை ஊரறியச் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் சொன்னதை நாம் சரியாகக் காதில் வாங்கினோமா என்பதுதான் என் கேள்வி. அன்றைக்கு முகநூலில் பலர் அதைப் பகிர்ந்து 'இசைக்காக எல்லாவற்றையும் தியாகம் செய்தவர்' என்று எழுதினார்கள். தியாகம் செய்தது அவர் மட்டுமா? குழந்தைகளிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?

அப்புறம், பவதாரிணியை நாம் எப்படிக் கேட்டோம்? 'பாரதி' படத்தில் மு. மேத்தா எழுதிய 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டுக்காக 2000ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போதும் "அப்பா இசை, அதனால் கிடைத்தது" என்று என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. குழந்தைக் குரல், கனமில்லாத குரல் என்றார்கள். அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேளுங்கள். கனமான குரல் அதில் நிற்காது. ஒரு பெண் தனக்குத்தானே முணுமுணுக்கிற மாதிரி, வார்த்தை முடிகிற இடத்தில் காற்று மட்டும் மிச்சமிருக்கிற மாதிரிப் பாடியிருப்பார். 'அழகி'யில் 'ஒளியிலே தெரிவது தேவதையா'வும் அப்படித்தான். ரேவதி இயக்கிய முதல் படமான 'மித்ர், மை ஃபிரெண்ட்' படத்துக்கு 2002இல் இசையமைத்ததும் இவர்தான். பெண்களே பெரும்பாலும் சேர்ந்து எடுத்த படம் அது. தமிழ் சினிமாவில் இசையமைப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் ஒருவர். இது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் இறந்த அன்று செய்திகளில் 'இளையராஜா மகள்' என்பதுதான் முதலில் வந்தது, பெயர் அப்புறம்தான்.

வாரிசு என்றால் கதவு தானாகத் திறக்கும், இதற்குப் போய் என்ன புலம்பல் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கதவு திறக்கும்தான். பவதாரிணியின் தம்பி யுவன் 1997இல் 'அரவிந்தன்' படத்துக்கு இசையமைத்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. எத்தனையோ திறமைசாலிகள் கோடம்பாக்கத்தில் வருடக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் அது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சின்ன வயதில் விமானி ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திறந்திருந்த கதவு ஒன்றுதான், அது இசைக்குப் போகிற கதவு. உள்ளே போன பிறகும் ஒவ்வொரு மெட்டுக்கும் பக்கத்தில் அப்பாவின் மெட்டு ஒன்றை வைத்து எடை போட்டார்கள். புதிதாக வந்த வேறு யாருக்காவது அந்தத் தராசைத் தூக்கினோமா?

அதே 1976இல் சென்னையில் இன்னொரு வீட்டில் வேறு கதை. மலையாளப் படங்களில் ஓய்வில்லாமல் உழைத்த இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் இறந்துபோனார். மகனுக்கு ஒன்பது வயது. அப்பா விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. அந்தப் பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கீபோர்டு வாசிக்கப் போனான், இளையராஜாவின் குழுவிலும்கூட. அவர்தான் ஏ.ஆர். ரஹ்மான். நாம் இதை வெற்றிக் கதையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கோ அந்த வாத்தியங்கள் வாசலைத் தாண்டி வாடகைக்குப் போகும்போது பார்த்துக்கொண்டு நின்ற பையன்தான் கண்ணில் நிற்கிறான்.

சிதார் மேதை ரவிசங்கரின் மூன்று பிள்ளைகளைப் பாருங்கள். மூத்தவர் சுபேந்திரா அன்னபூர்ணா தேவியின் மகன். சிதார் கற்றார், மேடையிலும் வாசித்தார், 1992இல் ஐம்பது வயதில் போய்விட்டார், இன்று அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. அனுஷ்கா அப்பாவின் மடியிலேயே கற்று 13 வயதில் மேடையேறினார். அவருடைய அம்மா சுகன்யா தமிழ்ப் பெண். இன்னொரு மகள் அமெரிக்காவில் டெக்சாஸில் அம்மாவோடு, அப்பாவைப் பெரும்பாலும் பார்க்காமலேயே வளர்ந்தார். பதினாறு வயதில் தன் பெயரிலிருந்து சங்கர் என்பதை எடுத்துவிட்டு நோரா ஜோன்ஸ் ஆனார். 2003இல் ஒரே இரவில் 5 கிராமி வாங்கினார். உடனே நம் ஊர்ப் பத்திரிகைகள் 'ரவிசங்கர் மகள்' என்று தலைப்புப் போட்டன. பதினாறு வயதில் அந்தப் பெண் யோசித்து எடுத்து வைத்ததைத் திரும்ப ஒட்டிவிட்டோம். அவர் எங்கே வளர்ந்தார், யார் வளர்த்தார்கள் என்பது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. தனியாக நின்று வளர்த்த அந்த அம்மாவின் பெயர் எந்தத் தலைப்பிலும் வரவில்லையே என்று எனக்கு இப்போதும் ஆத்திரம் வரும்.

என் அப்பா யாரிடமும் எதையும் வெளிப்படையாகச் சொன்னவர் இல்லை. கடைசிக் காலத்தில், பல்லெல்லாம் போய் நாயனத்தை உறையில் போட்டு வைத்துவிட்ட பிறகு, ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "நீ எந்த வருஷம்மா பத்தாவது எழுதினே?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த வருஷம் நான் திருவாரூர்ல இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். அவர் தன் நினைவில் எங்கேயோ என்னைத் தேடிப் பார்த்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

என் கல்யாணத்துக்கு வேறு செட் வந்து வாசித்தது. பெண்ணுக்கு அப்பாவாக வெறுங்கையோடு நின்றார். கெட்டிமேளம் கொட்டும்போது நான் தலைகுனிந்திருந்தேன், அவர் கை மட்டும்தான் தெரிந்தது. வேட்டி மேல் விரல்கள் துளைகளை மூடித் திறந்துகொண்டிருந்தன.

யுவன் இசையமைத்த 'கோட்' படத்தில் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் பவதாரிணியின் குரல் வருகிறது. அவர் இறந்த பிறகு செயற்கை நுண்ணறிவை வைத்து அந்தக் குரலை மீட்டிருக்கிறார்கள். பெங்களூருவில் மெட்டுப் போடும்போதே இது அக்காவுக்கான பாட்டு என்று யுவனுக்குத் தோன்றியதாம். குணமாகி வந்ததும் பாட வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் செய்தி வந்துவிட்டதாம். இறந்தவர் குரலை இப்படி எடுப்பது சரியா என்று அப்போது விவாதம் நடந்தது. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தப் பாட்டில் ஒரு தம்பி அக்காவைக் கூப்பிடுவதுதான் எனக்குக் கேட்கிறது. ஒரே வீட்டில், ஒரே ஆளுக்காகக் காத்திருந்து வளர்ந்த இரண்டு பேர். அந்தக் காத்திருப்பு என்னவென்று அவர்களுக்குள் மட்டும்தான் தெரியும், எனக்கும் என் தம்பிக்கும் தெரிகிற மாதிரி.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அந்தக் குழந்தை தனியாக நின்றுகொண்டிருந்தது. குழாய் எட்டவில்லை. தூக்கிப் பிடித்தேன். "அப்பா வரலையா?" என்று கேட்டேன். "திருச்சியில கச்சேரி" என்றது. "சரி, உனக்கு அப்பளம் பிடிக்குமோ, நொறுக்கிட்டே இருந்தியே?" என்றேன். முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "பிடிக்கும், ஆனா அவர் ஒண்ணுதான் வச்சார்" என்றது. இரண்டு பேருமாகப் பந்திக்குத் திரும்பிப் போய் இன்னும் நாலு வாங்கிக்கொண்டு வந்தோம்.